கார்ட்டூன் படங்களும் ஒஸ்கார் விருதுகளும்: தொண்ணூறு ஆண்டுகாலப் பிணக்கு

1939ஆம் ஆண்டு பெப்ரவரி 23ஆம் திகதி லொஸ் ஏஞ்சல்ஸில் நடைபெற்ற ஒஸ்கார் விருது விழாவில், அப்போது பத்து வயதேயான குழந்தை நட்சத்திரம் ஷேர்லி டெம்பிள், வால்ட் டிஸ்னியிடம் ஒரு விசேட விருதைக் கையளித்தார். வழமையான அளவில் ஒரு பொற்சிலை. அதன் அருகே படிபடியாக இறங்கிச் செல்லும் பீடத்தில் ஏழு குட்டிச் சிலைகள். 'ஸ்னோ வைட்டும் ஏழு குள்ளர்களும்' என்ற படத்துக்கான கௌரவம் அது. மண்டபம் முழுவதும் மகிழ்ந்து சிரித்தது. அந்தப் புகைப்படம் இன்றும் அடிக்கடி மறுபிரசுரமாகி வருகின்றது.

ஆனால் அந்தப் புகைப்படத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு விடயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. 1937 டிசம்பர் 21ஆம் திகதி முதன்முறையாகத் திரையிடப்பட்ட 'ஸ்னோ வைட்', தயாரிப்பில் இருந்தபோது ஹொலிவூட்காரர்களால் 'டிஸ்னியின் பைத்தியக்காரத்தனம்' என்று கேலி செய்யப்பட்டது. ஏறத்தாழ 15 இலட்சம் டொலர் செலவில் உருவான அந்தப் படம் வெளிவந்தபின் அரங்குகள் நிரம்பி வழிந்தன. அந்த ஆண்டுக்கான சிறந்த படத் தெரிவுப் பட்டியலில் ஐந்து அல்ல, பத்துப் படங்கள் இடம்பெற்றிருந்தன. அந்தப் பத்தில் ஒன்றாக 'ஸ்னோ வைட்' இருக்கவில்லை. இசைக்கான பரிந்துரை மாத்திரமே அதற்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டில்தான் அந்தப் பெரிய சிலையும் ஏழு குட்டிச் சிலைகளும் வந்து சேர்ந்தன. போட்டியில் சேர்க்க மறுத்துவிட்டு, போட்டிக்கு வெளியே அழைத்து மாலை போட்டு அனுப்பும் வழக்கம் அன்று ஆரம்பமானது. பின்வந்த தசாப்தங்களில் அது எத்தனையோ வேடங்களில் திரும்பத் திரும்ப அரங்கேறியுள்ளது.

கார்ட்டூன்களுக்கென்று ஒரு போட்டிப் பிரிவு அதற்கு முன்னரே இருந்தது உண்மை. 1932 நவம்பரில் நடைபெற்ற ஐந்தாவது விழாவில் கார்ட்டூன் குறும்படங்களுக்கான விருது முதன்முதலாக வழங்கப்பட்டது. டிஸ்னியின் 'பூக்களும் மரங்களும்' அதனை வென்றது. மூவர்ண டெக்னிகலர் முறையில் வர்த்தக ரீதியாக வெளியான முதலாவது படம் அதுதான். முழுநீளப் படத்துக்கு முன்னர் செய்திப் படச்சுருளுடன் சேர்த்து ஏழெட்டு நிமிடங்கள் ஓட்டப்படும் துணைப் பண்டமாகவே அக்காலத்தில் கார்ட்டூன் கருதப்பட்டது. அந்தச் சிறிய தோட்டத்துக்குள் டிஸ்னி தனியாட்சி நடத்தினார். 1939ஆம் ஆண்டுக்கான விருது வரை தொடர்ச்சியாக எட்டு முறை அது அவரையே சென்றடைந்தது. வாழ்நாளில் அவர் பெற்ற ஒஸ்கார்கள் மொத்தம் 26. அவற்றுள் 22 போட்டியில் வென்றவை. அந்த எண்ணிக்கையை இன்றுவரை எவரும் எட்டவில்லை.

விருதைக் கையில் வாங்குபவர் யார் என்ற கேள்வியும் அந்தக் காலத்துக்குரியதே. 'ரொம் அண்ட் ஜெரி' தொடர் 1943 முதல் 1952 வரையிலான ஆண்டுகளுக்காக ஏழு ஒஸ்கார்களை வென்றது. பூனையையும் எலியையும் படைத்தவர்கள் வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும். ஆனால் விருது தயாரிப்பாளருக்கே உரியது என்பது விதி. ஆகவே எம்.ஜி.எம். கார்ட்டூன் பிரிவின் தலைவராக இருந்த பிரெட் குவிம்பியே மேடையேறி அவற்றைப் பெற்றுக்கொண்டார். வரைந்தவர்கள் வீட்டில் இருந்தார்கள்.

வோர்னர் பிரதர்ஸ் நிறுவனத்திலும் நிலைமை இதுவே. எட்வர்ட் செல்சர் என்ற தயாரிப்பாளர் பெற்ற சிலைகளின் பின்னால் சக் ஜோன்ஸ், பிரிஸ் பிரெலெங் போன்ற மேதைகள் இருந்தனர். இவற்றுக்கு மேலாக ஒரு வேடிக்கை 1946ஆம் ஆண்டுக்கான போட்டியை ஒட்டி நிகழ்ந்தது. எம்.ஜி.எம். நிறுவனத்தின் 'பூனையின் இசைக் கச்சேரி', வோர்னரின் பக்ஸ் பனி நடித்த 'ராப்சொடி ராபிட்' ஆகிய இரண்டிலும் ஒரு மிருகம் பியானோவின் முன் அமர்ந்து பிரான்ஸ் லிஸ்ட்டின் அதே ஹங்கேரிய இசைக்கோவையை வாசிக்கின்றது. இரண்டிலும் ஓர் எலி வந்து இடைஞ்சல் செய்கின்றது. எம்மிடமிருந்து திருடிவிட்டார்கள் என்று இரு தரப்பும் ஒன்றையொன்று குற்றஞ்சாட்டின. ரொம் பூனைக்குச் சிலை கிடைத்தது. பக்ஸ் பனியின் படம் பரிந்துரைப் பட்டியலிலேயே இல்லை. சக் ஜோன்ஸின் தலைசிறந்த படைப்பு என்று பின்னாளில் போற்றப்பட்ட, 1957இல் வெளிவந்த 'வட்ஸ் ஒபெரா, டொக்?' படத்துக்கும் பரிந்துரை கிடைக்கவில்லை. 1992இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய திரைப்படப் பதிவேட்டில் அது சேர்க்கப்பட்டது. விருதுப் பட்டியல்களை வரலாற்று ஆவணமாக எடுத்துக்கொள்வோர் இந்த ஒன்றை நினைவில் வைத்திருத்தல் நன்று.

கனடாவில் நோர்மன் மக்லாரன் 1952இல் எடுத்த 'அயலவர்' என்ற எட்டு நிமிடப் படத்தின் கதை இன்னும் விசித்திரமானது. இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரு பூ பூக்கின்றது. அது யாருக்குச் சொந்தம் என்ற பேச்சு வேலியில் ஆரம்பித்து, கைகலப்பாகி, இரு குடும்பங்களின் அழிவில் முடிகின்றது. உயிருள்ள மனிதர்களையே பொம்மைகளைப் போல் ஒவ்வொரு சட்டகமாக நகர்த்தி எடுக்கப்பட்ட அனிமேஷன் படம் அது. எல்லைக்காகப் போரிட்டவர்கள் வாழும் எந்த நாட்டிலும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஒருவர் சும்மா எழுந்து போய்விட முடியாது. அதற்கு அக்கடமி கொடுத்த விருது என்ன தெரியுமா? சிறந்த ஆவணக் குறும்படம்! எந்தப் பெட்டியில் போடுவது என்று தெரியாத ஒன்றை, கையில் அகப்பட்ட பெட்டியில் போட்டுவிட்டார்கள்.

ஐம்பதுகளில் யு.பி.ஏ. என்ற சிறிய நிறுவனம் டிஸ்னி பாணியிலிருந்து விலகி, தட்டையான, நவீன ஓவியத்தை ஒத்த கோடுகளைக் கொண்டுவந்தது. 1956ஆம் ஆண்டுக்கான கார்ட்டூன் பிரிவில் பரிந்துரைக்கப்பட்ட மூன்று படங்களும் அந்த ஒரே நிறுவனத்தினுடையவை. 1961ஆம் ஆண்டுக்கான விருதை யூகோஸ்லாவியாவின் சாக்ரெப் கலைக்கூடத்தைச் சேர்ந்த துஷான் வுக்கோட்டிச் வென்றார். அமெரிக்கருக்கு வெளியே இந்தப் பிரிவில் கிடைத்த முதல் வெற்றி அது. குறும்படப் பிரிவின் கதவு இவ்வாறு உலகுக்குத் திறந்துகொண்டது. முழுநீளப் படங்களுக்கான வாசலில் அப்போது கதவும் இருக்கவில்லை, சுவர்தான் இருந்தது.

அந்தச் சுவரில் முதல் விரிசல் விழுந்தது 1992இல். டிஸ்னி நிறுவனத்தின் 'அழகியும் விலங்கும்' சிறந்த படத்துக்கான ஐந்து பரிந்துரைகளுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. ஒஸ்கார் வரலாற்றின் 64ஆவது ஆண்டில்தான் இது நிகழ்ந்தது. மொத்தம் ஆறு பரிந்துரைகள் பெற்ற அந்தப் படம் இசைக்கும் பாடலுக்குமாக இரண்டு விருதுகளை வென்றது. சிறந்த படத்துக்கான விருது, மனித மாமிசம் தின்னும் ஒரு கொலைகாரனின் உதவியோடு இன்னொரு கொலைகாரனைத் தேடும் 'ஆட்டுக்குட்டிகளின் மௌனம்' படத்துக்குப் போனது. தோற்றதைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. பந்தியில் இலை போட்டார்களே என்பதே பெரும் செய்தியாக இருந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நிலைமை விரைந்து மாறியது. 1994இல் 'லயன் கிங்' உலகெங்கும் வசூலை அள்ளியது. அதே ஆண்டில் டிஸ்னியை விட்டு வெளியேறிய ஜெப்ரி கட்சன்பேர்க், ஸ்பீல்பேர்க்குடனும் டேவிட் கெபனுடனும் சேர்ந்து டிரீம்வேர்க்ஸ் நிறுவனத்தை நிறுவினார். 1995இல் பிக்ஸாரின் 'டொய் ஸ்டோரி' முற்றிலும் கணினியில் உருவான முதலாவது முழுநீளப் படமாக வெளிவந்தது. அதன் திரைக்கதை பரிந்துரைக்கப்பட்டது. அனிமேஷன் படமொன்றின் திரைக்கதைக்கு அந்தக் கௌரவம் கிடைத்தது அதுவே முதற்தடவை. எனினும் கிடைத்த சிலை என்னவோ இயக்குநர் ஜோன் லசெட்டருக்கான 'விசேட சாதனை' விருதுதான். 1939இன் குட்டிச் சிலைகள் புதிய பெயரோடு வந்தன என்று சொல்வதில் பிழையில்லை.

முழுநீள அனிமேஷன் படங்களுக்குத் தனியான பிரிவை அமைக்கும் தீர்மானம் 2000ஆம் ஆண்டு எடுக்கப்பட்டு, முதல் விருது 2002 மார்ச் 24ஆம் திகதி 'ஷ்ரெக்' படத்துக்கு வழங்கப்பட்டது. தகுதியுள்ள படங்கள் எட்டாவது இல்லையெனில் அந்த ஆண்டு விருதே இல்லை, பதினாறு படங்கள் இருந்தாலொழிய மூன்று பரிந்துரைகளுக்கு மேல் இல்லை என்றெல்லாம் அப்போது விதிகள் இருந்தன. எட்டுப் பட நிபந்தனை 2019இல் நீக்கப்பட்டது. இங்கே இன்னொரு முரண்நகையையும் சொல்லியாக வேண்டும். 26 ஒஸ்கார்கள் பெற்றவர் ஆரம்பித்த கலைக்கூடம், இந்தப் பிரிவில் தன் முதல் வெற்றிக்காக 2014 வரை, 'புரோசன்' வரும் வரை காத்திருக்க நேர்ந்தது. டிஸ்னியால் பின்னர் வாங்கப்பட்ட பிக்ஸார் மட்டும் 'நீமோவைத் தேடி' தொடக்கம் 'சோல்' வரை பதினொரு முறை வென்றிருக்கின்றது.

இந்தத் தனிப்பிரிவு அனிமேஷன் கலைக்குக் கிடைத்த மரியாதையா, அல்லது அதனைச் சுற்றிக் கட்டப்பட்ட வேலியா? இந்த விவாதம் அன்றிலிருந்து ஓயவில்லை. இரண்டும் உண்மை என்பதே என் அபிப்பிராயம். ஆனால் வேலியின் பக்கமே கனமானது. அதற்கான காரணம் வாக்கெண்ணும் முறையில் இருக்கின்றது.

சிறந்த படத்துக்கான பரிந்துரைகளை அக்கடமியின் எல்லா அங்கத்தவர்களும் தெரிவு செய்கின்றனர். படங்களைத் தமக்குப் பிடித்த வரிசைப்படி எழுதிக் கொடுக்க வேண்டும். எண்ணுபவர்கள் முதலாவது இடத்தில் உள்ள பெயரையே முதலில் பார்ப்பார்கள். 'நன்றாகத்தான் இருக்கின்றது' என்று ஆயிரம் பேர் ஆறாவது இடத்தில் எழுதினாலும், போதிய முதலிட வாக்குகள் இல்லாத படம் ஆரம்பத்திலேயே உதிர்ந்துவிடும். நடிகர்கள்தான் அக்கடமியின் மிகப் பெரிய கிளை. முகம் தெரியாமல் குரல் மட்டுமே கொடுக்கும் படத்தை அவர்கள் முதலாம் இடத்தில் எழுதுவார்களா? போதாக்குறைக்கு, 'அதற்கென்றுதான் தனி விருது இருக்கின்றதே' என்ற சமாதானம் வேறு. ஒரு வாக்காளருக்கு மனச்சாட்சி உறுத்தாமல் ஒரு நல்ல படத்தைத் தவிர்ப்பதற்கு இதைவிட வசதியான காரணம் கிடைக்காது.

2008இல் வெளிவந்த 'வால்-ஈ' இதற்குத் தக்க சான்று. முதல் அரைமணி நேரம் ஏறக்குறைய வசனமே இல்லாமல், குப்பை பொறுக்கும் ஓர் இயந்திரத்தைக் கொண்டு பாழடைந்த பூமியைக் காட்டிய படம் அது. ஆறு பரிந்துரைகள் கிடைத்தன. சிறந்த படத்துக்கான ஐந்தில் அது இல்லை. 'டார்க் நைட்' படமும் அதே ஆண்டு விடுபட்டதால் எழுந்த சலசலப்புக்குப் பின்னர், 2009 ஜூனில் அக்கடமி அந்தப் பட்டியலைப் பத்தாக விரித்தது. பத்து இடங்கள் இருந்த அடுத்த இரு ஆண்டுகளிலும் 'அப்', 'டொய் ஸ்டோரி 3' ஆகியன இடம்பிடித்தன. பிறகு, முதலிட வாக்குகளில் ஐந்து வீதமாவது பெற்றாலே இடமுண்டு என விதி மாறியது. அத்துடன் கதவு மீண்டும் சாத்திக்கொண்டது. பின்னர் பத்து இடங்கள் நிரந்தரமாக்கப்பட்டபோதும் அது உடனே திறந்துவிடவில்லை.

அனிமேஷன் என்றால் என்ன என்பதிலும் அக்கடமிக்குத் தெளிவு இருந்ததாகச் சொல்ல முடியாது. முதல் ஆண்டிலேயே ரிச்சர்ட் லிங்லேட்டரின் 'வேக்கிங் லைப்' போட்டிக்கு வந்தது. நடிகர்களைப் படம்பிடித்து அதன்மேல் ஓவியர்கள் வரைந்து உருவாக்கிய படம். அது பரிந்துரைக்கப்படவில்லை. 2022இல் அதே இயக்குநரின் 'அப்பலோ பத்தரை' தகுதியற்றது என்று முதலில் நிராகரிக்கப்பட்டு, மேன்முறையீட்டின் பின்னர் ஏற்கப்பட்டது. படம்பிடித்த அசைவின்மேல் வரையும் முறை 1915இலேயே மக்ஸ் பிளெய்ஷர் கண்டுபிடித்த ஒன்று. 'ஸ்னோ வைட்' படத்தின் நாயகியையே ஓர் இளம் நடனக்காரியை ஆடவைத்துப் படம்பிடித்து, அதைப் பார்த்துத்தான் வரைந்தார்கள். கோட்டை எங்கே கீறுவது?

நடிகரின் உடலில் உணரிகளைப் பொருத்தி அசைவைக் கணினிக்குள் இறக்கும் 'மோஷன் கப்சர்' முறை வந்தபோது குழப்பம் இன்னும் கூடியது. அந்த முறையில் நடனத்தை அமைத்த பென்குயின் படமான 'ஹப்பி பீட்' 2006ஆம் ஆண்டுக்கான விருதை வென்றது. 2010இல் அக்கடமி விதியைத் திருத்தி, மோஷன் கப்சர் தன்னளவில் அனிமேஷன் ஆகாது என்று எழுதிவைத்தது. ஸ்பீல்பேர்க்கின் 'டின்டின்' 2012இல் கோல்டன் குளோப் விருதை வென்றும் ஒஸ்காரின் அனிமேஷன் பட்டியலுக்குள் நுழையவில்லை. 2014இல் சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கிய 'கோச்சடையான்' வெளிவந்தபோது, அது கார்ட்டூனா, ரஜினி படமா என்று தமிழ் ரசிகர்கள் மோதிக்கொண்டார்கள் அல்லவா? அதே கேள்வியை ஹொலிவூட்டின் மூத்தவர்கள் நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே விதிப் புத்தகத்தில் எழுதித் தீர்த்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

யார் தெரிவு செய்வது என்பதே எல்லாவற்றிலும் முக்கியமானது. ஆரம்பத்தில் ஒரு குழு இருந்தது. அனிமேஷன் துறையினரும் பிற துறையினரும் கலந்த அந்தக் குழுவினர் திரையரங்கில் அமர்ந்து படங்களைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் புள்ளி இடுவார்கள். அதனால்தான் அயர்லாந்தின் 'கெல்ஸின் இரகசியம்', பிரான்ஸின் 'பாரிஸில் ஒரு பூனை', பிரேசிலின் 'சிறுவனும் உலகமும்' போன்ற, விளம்பரத்துக்குக் காசில்லாத படங்கள் பரிந்துரை பெற்றன. 2014ஆம் ஆண்டின் பெருவெற்றிப் படமான 'லெகோ மூவி'யை அந்தக் குழு விட்டுவிட்டது. இயக்குநர்களுள் ஒருவரான பில் லோர்ட், லெகோ கட்டைகளால் செய்த ஓர் ஒஸ்கார் சிலையின் படத்தை வெளியிட்டுத் தன் துக்கத்தை ஆற்றிக்கொண்டார். அந்த ஆண்டு பட்டியலில் இருந்தவை அயர்லாந்தின் 'கடலின் பாடல்', ஜப்பானிய மூதறிஞர் இசாவோ தக்காஹாதாவின் 'இளவரசி ககுயா' போன்றவை. இறுதி வாக்கெடுப்பு வேளையில் பெயர் குறிப்பிடாத ஓர் அக்கடமி அங்கத்தவர் ஹொலிவூட் ரிப்போர்ட்டர் சஞ்சிகையிடம் பேசும்போது, யாருக்கும் தெரியாத சீனப் படங்கள் என்று இவற்றைத் திட்டித் தீர்த்தார். ஒன்று ஐரிஷ், மற்றது ஜப்பானியம். இரண்டில் ஒன்றுகூடச் சீனம் அல்ல. பார்க்காமலே வாக்களிப்பவர்கள் இருக்கின்றார்கள் என்பதற்கு அதைவிட ஆதாரம் வேண்டியதில்லை.

2017இல் குழுமுறையைத் தளர்த்தி, விரும்பும் எந்த அங்கத்தவரும் பரிந்துரைக்கலாம் என்று மாற்றினார்கள். ஜனநாயகம் விரிந்தது என்று மகிழலாம்தான். ஆனால் அடுத்த பட்டியலிலேயே 'பொஸ் பேபி' இடம்பெற்றபோது அனிமேஷன் கலைஞர்கள் தலையில் கைவைத்தார்கள். அதே பட்டியலில், தாலிபான் ஆட்சியின் கீழ் ஆண் வேடமிட்டு உழைக்கும் சிறுமியின் கதையான 'பிரெட்வினர்' படமும், எண்ணெய் வர்ணத்தில் வரையப்பட்ட வான்கோவின் கதையும் இருந்ததையும் மறைக்கக் கூடாது. நிபுணர் குழு வெகுசன வெற்றியைத் தவறவிடும். பெருங்கூட்டம் சிறிய முத்தைத் தவறவிடும். இரண்டில் எது பெரிய நஷ்டம் என்று கேட்டால், முதலாவது நஷ்டத்தைத் திரையரங்க வசூல் ஈடுசெய்துவிடும், இரண்டாவதை எதுவும் ஈடுசெய்யாது என்பேன்.

கார்ட்டூன் என்றால் சிறுவர் சமாசாரம் என்ற எண்ணம் ஹொலிவூட்டுக்கு மட்டும் உரியதல்ல. பத்திரிகைக் காரியாலயங்களிலும் அது ஊறிப்போயிருந்தது. ஒஸ்கார் செய்தி வந்தால் சிறந்த படம் முன்பக்கத்துக்கும், அனிமேஷன் விருது சிறுவர் பக்கத்துக்கும் போகும். எந்த ஆசிரியரும் அப்படி உத்தரவிட்டதை நான் கேட்டதில்லை. உத்தரவு தேவைப்படவில்லை என்பதே உண்மை.

அந்த எண்ணத்தை உடைத்தவை போரைப் பேசிய படங்கள். 2008இல் ஆரி போல்மனின் 'பஷீருடன் ஒரு வால்ஸ்' வந்தது. 1982இல் பெய்ரூட்டின் சப்ரா, ஷத்தீலா அகதி முகாம்களில் நிகழ்ந்த படுகொலை வேளையில் தான் எங்கே நின்றேன் என்பதை மறந்துபோன ஓர் இஸ்ரேலியச் சிப்பாயின் நினைவுத் தேடல் அது. அனிமேஷன் பிரிவு அதனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பிறமொழிப் படப் பிரிவில் பரிந்துரை கிடைத்தது. ஆப்கானிஸ்தானிலிருந்து தப்பியோடிய ஓர் அகதியின் வாக்குமூலமான டென்மார்க்கின் 'ப்ளீ', 2022இல் அனிமேஷன், ஆவணப்படம், சர்வதேசப் படம் என்ற மூன்று பிரிவுகளிலும் ஒருங்கே பரிந்துரைக்கப்பட்டது. அதுவரை எந்தப் படமும் அவ்வாறு மூன்றிலும் இடம்பெற்றதில்லை. பேசுபவரின் முகத்தைக் காட்டாமல் அவர் உண்மையைக் காட்டுவதற்கு வரைகோடு உதவியது. முகம் காட்டப் பயந்து சாட்சி சொன்னவர்களைச் சந்தித்தவர்களுக்கு அந்தக் கோட்டின் பெறுமதி தெரியும்.

2003இல் இந்த விருதை வென்ற ஹயாவோ மியாசாகியும் போரை முன்னிட்டே அந்த விழாவைத் தவிர்த்தார். 'ஸ்பிரிட்டட் அவே' படத்துக்காக அவர் பெயர் அழைக்கப்பட்டபோது கதிரை வெறுமையாக இருந்தது. ஈராக் மீது குண்டு வீசிக்கொண்டிருந்த நாட்டுக்கு வர விரும்பவில்லை என்பதே காரணம் என்று ஆறு ஆண்டுகளின் பின்னர் அவர் வெளிப்படையாகச் சொன்னார். 2024இல் 'சிறுவனும் நாரையும்' வென்றபோதும் அவர் விழாவுக்கு வரவில்லை. அப்போது அவருக்கு 83 வயது.

2022ஆம் ஆண்டு விழாவில், டிஸ்னி இளவரசிகளாக நடித்த மூன்று நடிகைகள் அனிமேஷன் விருதை அறிவிக்க வந்தார்கள். பிள்ளைகள் திரும்பத் திரும்பப் பார்க்கும் படங்கள், பெற்றோர் சகித்துக்கொள்ளும் படங்கள் என்ற தொனியில் அமைந்தது அவர்களுக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட வசனம். பில் லோர்டும் கிறிஸ் மில்லரும் வரைட்டி சஞ்சிகையில் இதனைக் கண்டித்து எழுதினார்கள். அடுத்த ஆண்டு 'பினோக்கியோ'வுக்காக விருதைப் பெற்ற கில்லர்மோ டெல் டோரோ, அனிமேஷன் என்பது ஒரு வகைப் படம் அல்ல, அதுவும் சினிமாவே என்று மேடையில் நின்று சொன்னார். 2025 மார்ச்சில், லத்வியா என்ற சின்னஞ்சிறு நாட்டின் இளைஞர் கின்ட்ஸ் சில்பலோடிஸ், எவரும் இலவசமாகப் பெறக்கூடிய பிளெண்டர் என்ற மென்பொருளைக் கொண்டு, ஒரு வார்த்தைகூட வசனமில்லாமல் எடுத்த 'ப்ளோ' படம் பெருநிறுவனங்களை வென்றது. வெள்ளத்தில் தத்தளிக்கும் ஒரு பூனையின் கதை. அந்த நாட்டுக்குக் கிடைத்த முதலாவது ஒஸ்கார் அதுதான்.

அதற்கு அடுத்த மாதம் அக்கடமி ஒரு புதிய விதியை அறிவித்தது. இனிமேல் ஒரு பிரிவின் இறுதிச் சுற்றில் வாக்களிக்க விரும்பும் அங்கத்தவர், அந்தப் பிரிவில் பரிந்துரைக்கப்பட்ட எல்லாப் படங்களையும் பார்த்திருக்க வேண்டும். முதல் ஒஸ்கார் விழா நடந்து அப்போது ஏறத்தாழ 96 ஆண்டுகள் ஆகியிருந்தன.